கோலாரில் கிடைத்த பூஜ்யம்

கருவியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. வேறு இடமாக இருந்தால் கருவியில்தான் கோளாறு என்று கழற்றிப் பார்த்திருப்பார்கள். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே 2,760 மீட்டர் ஆழத்தில் கிடைத்த அந்தப் பூஜ்யம் ஒரு நல்ல சேதி. இவ்வளவு அமைதியான இடம் இருக்கிறதென்றால், யார் கண்ணிலும் படாத ஒன்றை இங்கே பிடித்துவிடலாம்.

அமைதி என்றால் எதிலிருந்து அமைதி? உள்ளங்கையை வானத்தைப் பார்த்து நீட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சுமார் நூறு மியூவான்கள் அதைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் அணுக்கருக்களில் மோதிச் சிதறும்போது பிறப்பவை இவை. எலெக்ட்ரானின் கனத்த அண்ணன் என்று சொல்லலாம்.

அதே மோதலில் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று வுல்ஃப்காங் பவுலி 1930-இல் கணித்தார். அணு உலையிலிருந்து வருவதை 1956-இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் கண்டுபிடித்தார்கள். சூரியனிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தைக் கடந்து போகின்றன. மின்னூட்டம் கிடையாது, எதிலும் எளிதில் மோதுவதும் கிடையாது. பூமியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிவிடும். காற்றில் பிறந்த நியூட்ரினோக்களில் அரிதாக ஒன்று பாறையில் மோதினால் ஒரு மியூவான் பிறக்கலாம். தரைமட்டத்தில் கொட்டும் மியூவான் மழையில் அந்த ஒற்றைத் துளியைத் தேடுவது, திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போல. அதனால்தான் அந்த மழையைப் பாறை தடுத்துவிடும் ஆழம் தேடிப் போனார்கள்.

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கோலார் புதிதல்ல. ஹோமி பாபாவின் யோசனைப்படி பி. வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்திலேயே அங்கே இறங்கி, ஆழம் கூடக்கூட மியூவான்கள் எப்படிக் குறைகின்றன என்று அளந்திருந்தார். பிறகு எம். ஜி. கே. மேனன் உள்ளிட்ட டாடா கழகத்தினரோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கைகோத்தன. சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், ஹீத்கோட் சுரங்கக் குழியை ஒட்டி ஆய்வுக்கூடம் அமைந்தது.

அங்கே நிறுத்தியவை இரண்டு சுவர்கள். துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகளால் ஆனவை, எதிரெதிராக நின்றன. இடையில் நியான் குழாய்களின் அடுக்கு. துகள் கடந்தால் அதன் வழியில் உள்ள குழாய்கள் மட்டும் பளிச்சிடும். கேமரா அதைப் படம் பிடிக்கும். எந்தத் திசையில் வந்தது என்பது அந்தப் புள்ளிக்கோட்டிலேயே தெரிந்துவிடும்.

சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தியதில்தான் சூட்சுமம். ஓட்டைக் கூரையிலிருந்து ஒழுகும் மழைநீர் மேலிருந்துதான் சொட்டும். பக்கவாட்டில் ஈரம் தெறித்தால் அது மழை அல்ல, வேறேதோ. இங்கும் அப்படித்தான். வானிலிருந்து வரும் மியூவான் தப்பிப் பிழைத்து இறங்கினாலும் ஏறக்குறைய நேராக மேலிருந்துதான் வர முடியும். கிடைமட்டமாக வர வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பாறையைத் துளைக்க வேண்டும். எந்த மியூவானாலும் ஆகாது. ஆகவே பக்கவாட்டில் ஒரு கோடு விழுந்தால், பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியிருக்கிறது என்று பொருள்.

1965 ஏப்ரலில் அப்படி ஒரு கோடு விழுந்தது. அதே வேளையில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸின் குழுவும் இதே வேட்டையில் இருந்தது. அவர்களுக்குப் பிப்ரவரியிலேயே ஒன்று சிக்கிவிட்டது. கோலார் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 15 அன்று அச்சேறியது, ரைன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 30 அன்று. பார்த்ததில் அவர்கள் முந்தி, அச்சில் நாம் முந்தி. வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட பெருமை இரு குழுவுக்கும் உரியது.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் ஒரு கூட்டம் உண்டு. அந்தக் குழியை விஞ்ஞானிகள் தோண்டவில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் தோண்டியவர்கள் வட ஆர்க்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் போன தொழிலாளர்கள், பெரும்பாலோர் தலித்துகள். பாறைவெடிப்பில் மாண்டவர்களும், கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சு அடங்கியவர்களும் தலைமுறை தலைமுறையாக அடி அடியாக இறக்கிய ஆழம் அது. தங்கத்துக்காகத் தோண்டியது அறிவியலுக்கு இலவசமாகக் கிடைத்தது.

ஜப்பானில் கமியோகா சுரங்கத்திலும் கனடாவில் சட்பரி நிக்கல் சுரங்கத்திலும் இதே வழியில்தான் ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. வளிமண்டல நியூட்ரினோக்கள் போகும் வழியிலேயே வகை மாறுகின்றன என்று கமியோகாவில் 1998-இல் தெரிந்தது. அப்படியானால் அவற்றுக்கு நிறை உண்டு. இந்த இரண்டு ஆய்வுக்கூடங்களின் விஞ்ஞானிகள் இருவர் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு மலையைப் புதிதாகக் குடைய வேண்டும். மக்கள் எதிர்த்தார்கள், தமிழக அரசும் எதிர்த்தது, திட்டம் நின்றது.

புதிதாகக் குடையத் தேவையில்லாத குழி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். நீர் இறைப்பதும் நின்றது. அந்த ஆழமெல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.