நாலு மணி நேரம்தானா சிங்கப்பூர்?

மகளோ மருமகளோ சிங்கப்பூரில் மாசமாக இருக்கிறாள். பேறுகாலத்துக்குத் துணையாகப் போக வேண்டும். "பிளேன்தானே மதினி, நாலு மணி நேரத்துல போயிரலாமாம்ல!" என்று எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். சகோதரிகளே, அந்த நாலு மணி விமானம் பறக்கிற நேரம் மட்டும்தான். வீட்டுப்படி இறங்கியதிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

மதுரையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறினால், போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-ல் தீ விபத்தோடு நின்றுபோனது. இன்று நேர் விமானத்தில் சுமார் நாலு மணி. வேறு ஊரில் மாறிப் போனால் அது இரண்டு மடங்கும் ஆகலாம். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே "நேர் விமானமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். விமானம் இரவு 11 மணிக்கு என்றால், மூன்று மணி முன்னதாக, 8 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். திருச்சுழிக்காரர்கள் 6 மணிக்கே காரில் ஏறிவிடுவது நல்லது. நம் கணக்கில் விடிகாலை 3 மணிக்கு இறங்கி, பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து மகள் வீடு சேர நாலரை ஆகிவிடும். ஆக, பத்தரை மணி நேரம்!

டிக்கெட்டைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். அதில் அந்தந்த ஊர் மணிதான் இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தி. (1982-க்கு முன் இரண்டு மணிதான்.) அதனால் போகும்போது ஆறரை மணிப் பயணம் போலவும், வரும்போது ஒன்றரை மணிப் பயணம் போலவும் தெரியும். இரண்டும் நாலு மணிதான்.

இனி உடம்பைப் பற்றி. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானல் மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். இறங்கும்போது காது அடைக்கும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினாலே போதும். உள்ளே காற்று நம் கரிசல்காட்டுக் கோடையைவிட வறட்சி. கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கால் வீங்காமல் இருக்க, அவ்வப்போது எழுந்து இரண்டு நடை நடங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மடக்கி நீட்டுங்கள்.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் வைத்திருப்பது நல்லது. 36 வாரத்துக்கு மேல் பொதுவாக ஏற்றமாட்டார்கள். இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள்.

என் மகளின் தலைப்பிரசவத்துக்குப் போனபோது எனக்கு உதவியது ஒரு சின்ன யோசனை. மாத்திரை, மருந்துச் சீட்டு, ஒரு மாற்றுப் புடவை மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், இரண்டரை மணி வித்தியாசத்துக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அங்கே பொழுது விடிவதே 7 மணிக்குத்தான். முதல் நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, பிறகு பிள்ளையைக் கையில் வாங்குங்கள்.