கேட்பாரற்ற பணம்

காலமான என் தகப்பனாரின் பெட்டியை ஒழித்தபோது, பழைய பாங்கிப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. பன்னிரண்டு வருஷங்களாக அதில் வரவுமில்லை, எடுப்புமில்லை. “இனி அது போனதுதான்” என்றார் தாயார். போகவில்லை.

பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டிபாஸிட்டுகளைப் பாங்கிகள் ரிஸர்வ் பாங்கியின் தனி நிதியில் சேர்த்துவிட வேண்டும் என்பது 2014-ஆம் வருஷத்துத் திட்டம். பணம் இடம் மாறினாலும் பாத்தியதை மாறுவதில்லை. உடையவரோ வாரிசோ பிறகும் கேட்டுப் பெறலாம்.

எந்தப் பாங்கி என்றே தெரியாவிட்டால்? 2023-இல் ரிஸர்வ் பாங்கி ஏற்படுத்திய ‘உத்கம்’ என்னும் இணையதளத்தில் பல பாங்கிகளின் கணக்குகளை ஒருங்கே தேடலாம். பெயருடன் பிறந்த தேதி, பான் எண் போன்ற அடையாளம் ஒன்று வேண்டும். ஆயினும் அது இடத்தைக் காட்டுமேயன்றிப் பணத்தைத் தராது. மரணச் சான்றிதழ், வாரிசுரிமைக்கான ஆதாரம் முதலியவற்றுடன் அந்தந்தப் பாங்கியிலேயே மனுச் செய்துகொள்ள வேண்டும். தேடுவதற்குக் கட்டணமில்லை, ஆகவே தரகர் எதற்கு?

தாயார் கைக்குப் பணம் வந்து சேர நான்கு மாதங்களாயின. தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவருடைய வைத்தியச் செலவுக்கே அது உதவியிருக்கும். வீட்டாருக்குத் தெரியாத சேமிப்பு, வேளைக்கு உதவாத சேமிப்பு. நேயர்களே, இன்றிரவே உங்கள் கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.