ஊழல்: வினைமுதல் இல்லாத ஒரு சொல்

'லஞ்சம் வாங்கினான்' என்று சொல்கிறோம். 'லஞ்சம் கொடுத்தான்' என்றும் சொல்கிறோம். வாங்க ஒருவன், கொடுக்க ஒருவன், கைமாற ஒரு கவர் என்று எல்லாமே அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. ஊழலை வைத்து ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'ஊழல் நடந்திருக்கிறது' என்றுதான் வந்து நிற்கும். மழை பெய்திருக்கிறது என்பது மாதிரி. 'ஊழல் செய்தான்' என்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் செய் என்கிற வினையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்கிறோம். செய்தவன் ஒருவன் கிடைத்தாலும், யாரிடமிருந்து எடுத்தான் என்பது கிடைப்பதில்லை. இந்த ஆளில்லாத் தன்மை வெறும் இலக்கண விஷயம் இல்லை என்பதுதான் என் கட்சி.

சொல்லின் வேர் ஊழ். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924-36) ஊழ்த்தலுக்கு முதிர்தல், மலர்தல், உதிர்தல், பதனழிதல் என்றெல்லாம் பொருள் சொல்கிறது. ஒரு பூவின் முழு ஆயுளும் அந்த ஒரே வினைக்குள் அடங்கிவிடுகிறது. குறளில் சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிப் பாட்டில் இந்த வினை மலர்தல் என்ற பொருளில்தான் வருகிறது. கற்றதை எடுத்துச் சொல்லத் தெரியாதவர்களுக்கு மணமில்லாத பூங்கொத்து அங்கே உவமை. அதே நூலில் ஊழ் என்று ஒரு அதிகாரமே உண்டு, அங்கே அது விதி. முறை, பழைமை என்ற பொருள்களும் ஊழுக்கு இருக்கின்றன. பூப்பதும் அழுகுவதும் விதியும் ஒரே வேரில் கிடப்பதைப் பார்த்துப் 'பழந்தமிழர் மெய்யியல்' என்று புல்லரிக்கிறவர்கள் புல்லரிக்கட்டும். எனக்குப் படுவது வேறு. காலம் போகப்போகத் தானாக நடப்பது எதுவோ அதற்கான வினை இது. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா விட்டாலே போதும், அழுகிவிடும். பேச்சில் ஊளைச்சதை என்கிறோமே, அதற்கு அகராதி காட்டும் வடிவம் ஊழற்சதை. தொளதொளவென்று தானாகத் தொங்குவது.

ஆங்கிலத்தின் கரப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் லத்தீன் வினைக்கு 'உடைத்தல்' என்று பொருள். உடைப்பதற்கு ஒருவன் வேண்டும். ஆனாலும் அந்தச் சொல்லும் போகப்போக உடம்பு அழுகுவது, மூலபாடம் கெடுவது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதுதான். பாடம் சிதைந்துள்ளது என்று பதிப்பாசிரியர் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். கரையான் அரித்ததா, படியெடுத்தவன் வேண்டுமென்றே மாற்றினானா? இரண்டுக்கும் பெயர் சிதைவுதான்.

ஊழல் இந்த அரசியல் பொருளில் நிலைபெறும் முன்பு நம்மிடம் என்னென்ன சொற்கள் இருந்தன? பழைய தமிழ் விவிலியத்தில் பரிதானம். பின்னாளில் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை நீதிநூலில் (1859) கைக்கூலி என்று ஒரு அதிகாரமே எழுதினார். அன்றைக்கு அது லஞ்சம். இன்றைக்கு மேடையில் 'ஏகாதிபத்தியக் கைக்கூலி' என்றால் அது ஆள். இலங்கை முஸ்லிம்களிடையே கைக்கூலி என்பது மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் சீதனப் பணம். பொருள் எங்கெங்கோ போனாலும் ஒரு கை மட்டும் சொல்லை விட்டுப் போகவில்லை. தனித்தமிழ்க்காரர்களின் கையூட்டிலும் அந்தக் கை இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் மாமூல். அரபியில் 'செய்யப்பட்டுவருவது', அதாவது வழக்கம். சட்டம் அமலுக்கு வருகிறது என்கிறோமே, அந்த அமலும் இதே வேர்தான். ஆக சட்டமும் மாமூலும் அரபியில் பங்காளிகள். ஏரிப் பாசனத்தில் எந்த மடையில் யாருக்கு எப்போது தண்ணீர் என்கிற வழக்காற்றைப் பதிவு செய்த ஆவணத்துக்கு மாமூல்நாமா என்று பெயர். உரிமையைச் சொன்ன சொல் அது. அதே சொல்தான் இன்று பிளாட்பாரத்தில் கடை போட்டிருப்பவரிடம் 'மாமூல் எங்கய்யா?' என்று வந்து நிற்கிறது. அவருக்கு எவ்வளவு, யாருக்கு, எந்தக் கிழமை என்பதெல்லாம் அத்துப்படி. அவரிடம் போய் நாட்டில் ஊழல் பெருகிவிட்டது என்று சொன்னால் ஆமாமா என்று தலையாட்டுவார். தான் கொடுப்பதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம் என்று அவருக்குத் தோன்றுமா என்பது சந்தேகம்.

1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையை ஊழல் பற்றிய ஆவணமாக யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும். விரலை இடுக்கி நசுக்கும் கிட்டி, கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து ஆளை வளைத்து வைக்கும் அண்ணாந்தாள் இரண்டும் அதில் விலாவாரியாக வருகின்றன. சர்க்கார் கிஸ்திக்கும் சேவகனின் சொந்த வசூலுக்கும் ஒரே கிட்டிதான். வரி தண்டும் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் அப்போது ஒரே தாசில்தாரின் கையில் இருந்தன. 1859ஆம் வருடச் சட்டம்தான் போலீசைத் தனியாகப் பிரித்தது. இங்கே எது அழுகியது? எதுவும் அழுகவில்லை. விவசாயியைப் பிழிவதற்கென்றே செய்த இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது, பிழிந்ததில் கொஞ்சம் வழியில் ஒழுகியது. ஒழுகியதை மட்டும் ஊழல் என்றால் பிழிவது நியாயமாகிவிடுகிறது.

அழுகலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, நாற்றம். ஊழலுக்கு எதிர்ச்சொல்லாக நம்மாட்கள் நேர்மையை விடத் தூய்மையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். கறைபடாத கரம், அப்பழுக்கற்றவர், சுத்தமான கை. தீட்டின் அகராதியிலிருந்து எடுத்த சொற்கள். 2011இல் அண்ணா ஹசாரே டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தார், அந்த அலையிலிருந்து 2012இல் பிறந்த ஆம் ஆத்மி கட்சி துடைப்பத்தைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. இந்த நாட்டில் துடைப்பம் யார் கையில் பிறப்பாலேயே திணிக்கப்படுகிறது என்பதைப் பற்றி அந்தச் சின்னத்துக்கு ஒன்றும் தெரியாது. அழுகல் உருவகம் அடுத்த அடியை எளிதாக எடுத்துவைக்கிறது: முன்பு சுத்தமாக இருந்தது, பிறகு ஏதோ உள்ளே வந்து கெடுத்துவிட்டது. 'கண்டவனெல்லாம் ஆபீசுக்குள்ள வந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போச்சு' என்கிற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். யாரைச் சொல்கிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை. ஊழலுக்கு எதிராகப் பேசுகிற மேடையில் இடஒதுக்கீட்டுக்கு எதிரானவர்களும் கூச்சமில்லாமல் ஏறி உட்கார முடிவதற்கு இந்தச் சொல்லும் இடம் கொடுக்கிறது.

சட்டத்தில் இதன் விளைவு என்ன? ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு 2018இல் வந்த திருத்தம் லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு உண்டு. பட்டாவுக்கு நடையாய் நடந்து கடைசியில் ஐந்நூறு ரூபாயை நீட்டிய பெண், அதே ஆபீசுக்கு மறுபடி போயாக வேண்டியவள், ஏழு நாளுக்குள் எங்கே போவாள்? அதே 2018இல்தான் தேர்தல் பத்திரத் திட்டமும் அமலுக்கு வந்தது. கம்பெனி கட்சிக்குக் கொடுக்கலாம், யார் கொடுத்தார்கள் என்பது ஜனங்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தள்ளுபடி செய்தது. அதுவரை அந்தப் பணத்துக்குச் சட்டப்படியான பெயர் நன்கொடை. ஐந்நூறு ரூபாய் குற்றம், கோடிகள் கொடை.

ஊழலுக்கு எதிராகத் தூய்மையை நிறுத்தாத மரபு ஏதாவது உண்டா என்று தேடினால் உத்திரமேரூர் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919, 921ஆம் வருடத்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் அடுத்துக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். அது ஒரு பிராமண சபை. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது. குடவோலையை உலக ஜனநாயகத்தின் தாய் என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்தக் கல்வெட்டும் பாவம், ஆசாரம் பற்றி நிறையவே பேசுகிறது. ஆனாலும் 'கணக்கு' என்ற சொல்லை அங்கிருந்து பிடுங்கி எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். கணக்குக்கு எழுதியவன் உண்டு, தேதி உண்டு, தொகை உண்டு.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் நடத்தத் தொடங்கிய ஜன் சுன்வாயி என்கிற மக்கள் விசாரணைகளில் 'ஊழலை ஒழிப்போம்' என்பதை விட உரக்கக் கேட்ட கோஷம், எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் கூட்டங்களும் இருந்தன. அங்கே பிரசங்கம் கிடையாது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார்கள். இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய் கூலி. பெயருக்குரியவர் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார். எழுந்து, நான் அந்த வேலைக்கே போகலையே என்பார்.