பந்தயக் காரில் இரண்டு கடிகாரங்கள்



மதுரைக்கு வடமேற்கே உள்ள விளாங்குடி என் ஊர். வையையில் நீர் ஓடிய நாட்களில், எதிர்க்கரையில் துணி துவைப்பவரைச் சிறுவர்களாகிய நாங்கள் வேடிக்கை பார்த்து நிற்போம். துணி கல்லின்மேல் விழுவது முதலில் தெரியும். அதன் ஓசை சற்றுப் பின்னர்த்தான் செவிக்கு எட்டும். கண்ட காட்சியும் கேட்ட ஒலியும் ஒரே செயலைச் சேர்ந்தவை. எனினும் வந்து சேர்ந்த நேரம் வேறு. இவ்விரண்டையும் பொருத்திப் பார்ப்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மோட்டார்ப் பந்தயம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமானத் தளத்தில், பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனிப் பாதை ஏற்பட்டது. கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். கோவையிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொறியியற் கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய கார்களை ஓட்டிக் காட்டும் பார்முலா பாரத் போட்டியும் நடந்துள்ளது.

இத்தகைய காரில் இரண்டு சாட்சிகள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று ஒளிப்படக் கருவி. அது விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் வீதம் பாதையை எடுத்துக்கொண்டே செல்லும். மற்றொன்று அளவுகளைப் பதியும் கருவி. வேகம், பிரேக்கின் அழுத்தம், ஸ்டியரிங்கின் திருப்பம், காரின் குலுக்கம் முதலியவற்றை அது எண்களாகக் குறித்து வைக்கும். அவ்வெண்களை வானொலி அலை வழியே ஓட்டத்தின்போதே வெளியே அனுப்புவதற்கு டெலிமெட்ரி என்று பெயர். ஓட்டம் முடிந்தபின், படத்தின் மீது எண்களை ஏற்றிப் பார்த்து, ஓட்டுநர் தம் பிழைகளைத் திருத்திக்கொள்கிறார்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. இரு கருவிகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை ஒரே கணத்தில் தொடங்குவதில்லை. கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 50 மீட்டர். படமும் எண்ணும் அரை விநாடி விலகினால், 25 மீட்டர் தவறிவிடும். வளைவுக்கு முன்பே ஒழுங்காகப் பிரேக் பிடித்தவர், காலந்தாழ்த்திப் பிடித்தவராகக் காட்சியளிப்பார். அடுத்த சுற்றில் அவர் வீணே முன்கூட்டிப் பிரேக் பிடித்துத் தோற்கவும் கூடும். கருவிகள் இரண்டும் பொய் சொல்லவில்லை. அவற்றை இணைத்தவரே பொய்யை உண்டாக்கிவிட்டார்.

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். 1991-இல், இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்திற்கு நேரம் குறித்தேன். தொடக்கத்தில் இரு பலகைகளைத் தட்டினார்கள். பலகைகள் சேர்வதைப் பாராமல், ஓசை கேட்டபின் கடிகாரத்தை அழுத்தினேன். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வது; 100 மீட்டரைக் கடக்க அதற்கு 0.3 விநாடி ஆகும். வென்ற மாணவன் 11.6 விநாடியில் ஓடியதாகப் பள்ளியின் சாதனைப் பலகையில் எழுதப்பட்டது. உண்மையில் அது 11.9. மறு ஆண்டு வேறொரு சிறுவன் 11.7 விநாடியில் ஓடினான். அன்று நேரம் குறித்த ஆசிரியர் பலகையைக் கண்ணால் பார்த்தே கடிகாரத்தை அழுத்தினார். ஆயினும் அவன் பெயர் பலகையில் ஏறவில்லை. ஒலியின் வேகம் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகையில்தான் என் பிழை எனக்கே விளங்கிற்று. அதற்குள் அச்சிறுவன் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான்.

பொருத்தும் முறை யாது? இரு சாட்சிகளும் சேர்ந்து கண்ட ஒரு நிகழ்ச்சியைத் தேட வேண்டும். திரைப்படக்காரர் படப்பிடிப்பின் தொடக்கத்தில் பலகையைத் தட்டுவது இதற்காகவே. பந்தயக் காரில், பாதையோர மேட்டின் மீது சக்கரம் ஏறும் கணம் அதற்கு உதவும். படத்தில் காட்சி குலுங்கும். எண்களில் குலுக்கத்தின் அளவு திடீரென உயரும். இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கடிகாரங்களின் வேறுபாடு கிடைத்துவிடும்.

இத்தோடு நின்றுவிடலாகாது. பல ஒளிப்படக் கருவிகள் விநாடிக்கு 30 படங்கள் என்று சொல்லிக்கொண்டு 29.97 படங்களே எடுக்கின்றன. அவற்றை 30 என்றே கணக்கிட்டால், 20 நிமிட ஓட்டத்தின் முடிவில் 1.2 விநாடி பிசகும். மேற்சொன்ன வேகத்தில் அது 60 மீட்டர். எனவே ஓட்டத்தின் இறுதியிலும் ஒரு பொது நிகழ்ச்சியைப் பொருத்த வேண்டும். முதற்புள்ளி தொடக்க வேறுபாட்டைத் தரும். இரண்டாம் புள்ளி ஓடும் வேகத்தின் வேறுபாட்டைத் தரும். அறியாதன இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. நீங்கள் படித்த இயற்கணிதமே இது. இடையில் மூன்றாவது நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விடையைச் சரிபார்ப்பது அறிவுடைமை.

செயற்கைக்கோள் நேரத்தை நம்பலாமே என்பீர்கள். நம்பலாம், ஆனால் ஜி.பி.எஸ். நேரம், உலகப் பொது நேரத்தினும் 2017 முதல் 18 விநாடி முந்தி நிற்கிறது. ஒரு கருவி ஒன்றையும் மற்றது வேறொன்றையும் பின்பற்றினால் 18 விநாடி விலகிவிடும். ஆதலின் எந்த நேரம் என்று கேட்டறிந்தே கணக்கிடுக.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். பள்ளி மைதானத்தில் தடித்த கயிறு ஒன்றைத் தரையில் கிடத்துங்கள். மிதிவண்டியில் இரண்டு கைப்பேசிகளை உறுதியாகக் கட்டுங்கள். ஒன்று படம் எடுக்கட்டும், மற்றது குலுக்கத்தைப் பதியட்டும். தொடக்கத்தில் ஒருமுறையும், பத்து நிமிடம் சுற்றியபின் மறுமுறையும் கயிற்றின் மேல் மெல்லச் செல்லுங்கள். இரு குலுக்கங்களையும் பொருத்திக் கணக்கிடுங்கள்.

ஒருவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், சாட்சிகள் ஒரே கணத்தைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். 11.7 விநாடியில் ஓடிய சிறுவனுக்கு நான் செய்யத் தவறியது அதுவே. நீங்கள் தவறாதிருப்பீர்களாக.