பெட்டிக்குள் ஒரு குடும்பம்

சிட்டுக்குருவியைத் தெரியாதவர் உண்டா? ஓட்டு வீட்டின் இடுக்கில் அது கூடு கட்டும். சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலும் கட்டும். ஆனால் நகரங்களில் இன்று இடுக்கே இல்லாத வீடுகள் வந்துவிட்டன. வழவழப்பான சுவர். மூடிய கண்ணாடிச் சன்னல். குருவி எங்கே போகும்?

2012-ஆம் ஆண்டில் டெல்லி அரசு சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. நாட்டின் பல ஊர்களில் மக்கள் குருவிக்காக மரப்பெட்டி செய்து மாட்டுகிறார்கள். பெட்டியில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அதன் அகலம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் குருவி நுழையும். காகம் நுழைய முடியாது. வெயில் நேராகப் படாத இடத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை மாட்ட வேண்டும்.

குருவி குடிவந்ததும் வீட்டாருக்கு ஆசை வரும். உள்ளே என்ன நடக்கிறது? மூடியைத் திறந்து பார்த்தால் என்ன?

திறக்கவே கூடாது. தாய்க்குருவி மிரண்டு ஓடும். கூட்டையே விட்டுவிடவும் கூடும். ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் பயந்து வெளியே குதித்துவிடும். அவற்றுக்குப் பறக்கத் தெரியாது. கீழே பூனை இருக்கும்.

இதற்குத்தான் சிலர் சிறிய கேமராவைப் பொருத்துகிறார்கள். அதை மூடியின் உட்புறத்தில், கீழே பார்க்கும்படி வைப்பார்கள். குருவி வருவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். படம் வீட்டிலுள்ள டி.வி.யிலோ செல்போனிலோ தெரியும். பெட்டிக்குள் இருட்டாயிற்றே என்று கேட்கலாம். கேமராவிலிருந்து ஒருவகை ஒளி வரும். அது மனிதர் கண்ணுக்குத் தெரியாது. குருவிக்கும் தெரியாது. கேமராவுக்கு மட்டும் தெரியும். அதனால் படம் கறுப்பு வெள்ளையில் வரும்.

முதலில் வைக்கோல், பஞ்சு, இறகு எல்லாம் உள்ளே சேரும். பிறகு தினம் ஒரு முட்டை. நான்கு, ஐந்து முட்டைகள் வரை இடும். பெரும்பாலும் தாய்தான் அடைகாக்கும். ஆண் குருவியும் சும்மா இருப்பதில்லை. அவ்வப்போது வந்து உட்காரும். தொண்டையில் கறுப்பு இருந்தால் அது ஆண்.

ஏறக்குறைய 12 நாளில் குஞ்சு பொரிக்கும். உடம்பில் ஒரு இறகுகூட இருக்காது. கண் திறந்திருக்காது. வாய் மட்டும் பெரிதாகத் திறக்கும்.

இனிமேல்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். குருவி என்றால் தானியம் தின்னும் பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். பெட்டிக்கு அருகில் அரிசியும் கம்பும் போடுகிறார்கள். அதைப் பெரிய குருவிகள் தின்னும். ஆனால் குஞ்சுக்கு வரும் அலகைக் கேமராவில் பாருங்கள். பச்சைப்புழு இருக்கும். சிறு வண்டு இருக்கும். சதை வளரவும் இறகு முளைக்கவும் குஞ்சுக்குப் புரதச்சத்து வேண்டும். அது பூச்சியில் இருக்கிறது. தாயும் தந்தையும் விடியற்காலை முதல் மாலை வரை பூச்சி தேடி அலையும். திரும்பும்போது குஞ்சின் எச்சத்தை அலகில் தூக்கிப்போய் வெளியே போடும்.

எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. கடைசியாக வந்தது சிறியதாக இருக்கும். உணவு போதுமான அளவு கிடைத்தால் அதுவும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பெரிய குஞ்சுகள் முந்திக்கொள்ளும். சின்னது தலை தூக்காமல் கிடக்கும். ஒருநாள் அசையாது. பார்ப்பவர் மனம் பொறுக்காது. எடுத்து வந்து பால் புகட்டலாமா என்று தோன்றும். பால் பறவைக் குஞ்சுக்கு ஆகாது. கையில் எடுத்து வளர்ப்பதும் எளிதல்ல.

செய்யக்கூடியது பெட்டிக்கு வெளியே இருக்கிறது. வீட்டைச் சுற்றிச் செடிகொடி வேண்டும். அவரைப் பந்தல் போதும், ஒரு முருங்கை போதும். அதில் புழு வரும். புழுவைக் கண்டதும் மருந்து அடித்தால் குருவி வெறும் வாயோடு திரும்பும்.

சுமார் 15 நாளில் குஞ்சுகள் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பறந்துவிடும். பெட்டி காலியாகத் தெரியும். கேமராவைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். சில நாளில் கறுப்புத் தொண்டைக்காரர் மறுபடி ஒரு வைக்கோலோடு வரக்கூடும்.