உங்களுக்குத் தெரியுமா? ஜிகோவுக்காக நாடு மாறவே துணிந்த ஊர்!

பிரேசில் என்றதும் பீலே, ரொனால்டோ என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். உலகக் கோப்பையைக் கையில் ஏந்தாமலே அந்த வரிசையில் நிற்கிற ஒருவர் உண்டு. தாக்குதல் ஆட்டத்தை நடுக்களத்திலிருந்து நடத்திய பத்தாம் எண் சட்டைக்காரர், ஜிகோ. அவரைப் பற்றிக் கொஞ்சம்...

★ 'ஜிகோ' பெற்றோர் வைத்த பெயர் இல்லை. 1953 மார்ச் 3 அன்று ரியோ டி ஜெனீரோவின் கின்டினோ பகுதியில் பிறந்தபோது அவர் ஆர்தர் அன்டூனிஸ் கோயிம்ப்ரா. கடைக்குட்டி என்பதால் 'ஆர்தர்சின்யோ' ஆனார். அது ஆர்தர்சிகோ, துசிகோ என்று தேய்ந்து கடைசியில் ஜிகோவில் வந்து நின்றது. வைத்தவர் ஓர் உறவுக்காரப் பெண்.

★ அண்ணன்கள் எடு, அன்டூனிஸ் இருவரும் ஏற்கெனவே தொழில்முறை ஆட்டக்காரர்கள். அண்ணன்கள் ஆடிய 'அமெரிக்கா' கிளப்பில்தான் தம்பியும் சேருவதாக இருந்தது. சிறுவனின் ஆட்டத்தைப் பார்த்த ஒரு ரேடியோ நிருபர் நடுவில் புகுந்து, 1967-ல் ஃபிளமெங்கோவுக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்தக் கிளப்புக்காக ஜிகோ பிறகு அடித்த கோல்கள் 500-க்கும் மேல். அமெரிக்கா கிளப் இன்றைக்கும் அந்த நிருபரை மன்னித்திருக்காது!

★ கிளப்புக்கு வந்தபோது பையன் வெறும் எலும்பும் தோலும். ஊட்டச்சத்து, எடைப் பயிற்சி என்று தனித் திட்டம் போட்டு, சில ஆண்டுகள் பொறுமையாக உடம்பைத் தேற்றினார்கள். 'கின்டினோவின் சேவல்குஞ்சு' என்ற பட்டப்பெயர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

★ ஃப்ரீ கிக் ரகசியம் கேட்டால் ரொம்பச் சாதாரணம். பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு, கோல் கம்பத்தின் மேல் மூலையில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டு அதையே குறிபார்த்து உதைத்துக்கொண்டிருப்பார்.

★ 1979 ஏப்ரலில் வெள்ள நிவாரணத்துக்காக மரக்கானா மைதானத்தில் ஒரு ஆட்டம். ஃபிளமெங்கோ சட்டையில் விருந்தாளியாக ஆட வந்தவர் பீலே. பத்தாம் எண் யாருக்கு? ஜிகோ மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் எண்ணை மாட்டிக்கொண்டார். அட்லெட்டிகோ மினேய்ரோவை 5-1 என்று வென்றார்கள்.

★ தென் அமெரிக்காவின் பெரிய கிளப் கோப்பையான லிபெர்டடோரெஸ், 1981 இறுதிச்சுற்று. எதிரணி சிலி நாட்டின் கோப்ரெலோவா. ஆளுக்கொரு வெற்றி என்றாகி, மூன்றாவது ஆட்டம் மான்டிவிடியோவில் நடந்தது. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து ஃபிளமெங்கோ அடித்தது 4 கோல். நான்கும் ஜிகோவுடையவை.

அடுத்த மாதமே டோக்கியோவில் ஐரோப்பிய சாம்பியன் லிவர்பூலை 3-0 என்று கவிழ்த்தார்கள். மூன்று கோலும் இடைவேளைக்கு முன்பே. அதில் ஒன்றுகூட ஜிகோ அடித்ததில்லை, ஆனால் சிறந்த ஆட்டக்காரருக்கான கார் அவருக்குத்தான். எதிரணியின் கட்டமைப்பை அவிழ்த்துவிட்டவர் அவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. '81 டிசம்பரைப் பற்றி ஃபிளமெங்கோ ரசிகர்கள் இன்றும் கேலரியில் பாடுகிறார்கள்.

★ இனி சோகப் பக்கம். மூன்று உலகக் கோப்பைகள், மூன்று விதமான ஏமாற்றம்.

1978-ல் ஸ்வீடனுடன் 1-1. கடைசி நொடியில் கார்னர். பந்து காற்றில் வருகிறது, ஜிகோ தலையால் முட்டுகிறார், கோல்! ஆனால் பந்து காற்றில் இருந்தபோதே ஆட்டம் முடிந்ததென்று வேல்ஸ் நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதியிருந்தார். செல்லாது. கார்னர் அடிக்க விட்டுவிட்டு அது வந்து சேரும் முன் ஊதுவதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

1982-ல் ஜிகோ, சாக்ரடீஸ், ஃபல்கௌ, செரெஸோ என்று ஒரு நடுக்களம். அதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. இத்தாலியுடன் டிரா செய்தாலே அரையிறுதி. தடுத்து ஆட அவர்களுக்கு மனசு வரவில்லை. பௌலோ ரோஸ்ஸி மூன்று கோல் அடிக்க, 2-3 என்று வெளியேறினார்கள். ஜிகோவை நிழல்போல ஒட்டிக்கொண்டிருந்த ஜென்டிலே அவர் சட்டையையே கிழித்துவிட்டார்.

1986 காலிறுதி, பிரான்ஸுக்கு எதிராக. முழங்கால் வலியோடு மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜிகோ, வந்த சில நிமிடங்களிலேயே பிராங்கோவுக்கு ஒரு பாஸ் கொடுத்துப் பெனால்டி கிடைக்கச் செய்தார். உதைத்தவரும் அவரே. கோல்கீப்பர் ஜோயல் பேட்ஸ் தடுத்துவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இதில் பலரும் மறந்துவிடுவது ஒன்று: பின்னர் நடந்த ஷூட் அவுட்டில் ஜிகோ தன் உதையை ஒழுங்காக வலைக்குள் போட்டார். தவறவிட்டவர்கள் சாக்ரடீஸும் ஜூலியோ செஸாரும். எதிர்ப்பக்கம் பிளாட்டினியும்தான் தவறவிட்டார், ஆனால் அவர் அணி ஜெயித்துவிட்டதே!

★ தலைப்புக்கு வருவோம். 1983-ல் ஜிகோவை வாங்கியது மிலானோ யுவென்டஸோ இல்லை, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள உதினே நகரத்தின் உதினேஸே. அவ்வளவு பெரிய தொகை இந்தச் சின்னக் கிளப்புக்கு எங்கிருந்து வருகிறது என்று சந்தேகப்பட்ட இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்பந்தத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. ஊர் கொதித்துவிட்டது. தெருவில் இறங்கிய மக்கள் எழுப்பிய கோஷம்: 'ஜிகோ, இல்லையேல் ஆஸ்திரியா!' அந்தப் பகுதி 1866 வரை ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. ஆளைத் தராவிட்டால் பழைய ராஜாவிடமே போய்விடுகிறோம் என்று மிரட்டல்! பாதி விளையாட்டு, பாதி நிஜம். கடைசியில் இத்தாலிய ஒலிம்பிக் கமிட்டி தலையிட்டு அனுமதி கொடுத்தது.

வந்தவர் ஏமாற்றவில்லை. முதல் லீக் ஆட்டத்திலேயே ஜெனோவாவை அதன் சொந்த ஊரில் 5-0, அதில் ஜிகோ 2. அந்த சீசனில் அதிக கோல் அடித்த பிளாட்டினி 20, ஜிகோ 19. அதுவும் பிளாட்டினியைவிடக் குறைவான ஆட்டங்களில். ஆனாலும் உதினேஸே முடித்தது ஒன்பதாம் இடத்தில். ஒற்றை ஆள் எத்தனை பேரைத் தூக்குவார்? இரண்டாவது சீசன் காயங்களோடு போயிற்று.

★ 1985-ல் ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே பாங்கு அணித் தடுப்பாட்டக்காரரின் முரட்டுக் காலடியில் முழங்கால் நொறுங்கியது. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் பாதி ஆட்டக்காரராக இறங்கியது அதனால்தான்.

★ ஆடி ஓய்ந்ததும் 1990-ல் பிரேசில் அரசின் விளையாட்டுச் செயலாளர் ஆனார். நாற்காலியில் ஓராண்டுதான் தாக்குப்பிடித்தார். ஆனால் 1993-ல் வந்த விளையாட்டுச் சட்டத்தை 'ஜிகோ சட்டம்' என்றே சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக 1998-ல் வந்தது எது? 'பீலே சட்டம்'. இந்த முறையும் பத்தாம் எண்ணைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று!

★ 1991. வயது 38. ஜப்பானில் காஷிமா என்ற தொழிற்பேட்டை ஊர். அங்கே சுமிடோமோ உலோக ஆலையின் அணி, இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. அதற்கு ஆட ஜிகோ ஒப்புக்கொண்டபோது பலரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவரோ அந்த சீசனில் 22 ஆட்டத்தில் 21 கோல் அடித்தார்.

புதிதாகத் தொடங்கவிருந்த ஜே-லீக்கில் இந்தக் குட்டி ஊருக்கு இடம் கிடைக்க வாய்ப்பு '99.9999 சதவீதம் இல்லை' என்று லீக்கின் தலைவர் கவாபுச்சி கையை விரித்திருந்தார். கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்றார், சும்மா தட்டிக்கழிக்கத்தான். கட்டிவிட்டார்கள்! காஷிமா ஆன்ட்லர்ஸ் என்ற புதுப் பெயரில் 1993 மே மாதம் களமிறங்கிய முதல் லீக் ஆட்டத்தில், கேரி லினெக்கரைச் சேர்த்திருந்த நகோயாவை 5-0 என்று வென்றார்கள். ஜிகோ ஹாட்ரிக், ஜே-லீக்கின் முதல் ஹாட்ரிக். ஜே-லீக் பட்டங்களை அதிகம் வென்ற கிளப் இன்று எது தெரியுமா? அதே காஷிமாதான். மைதானத்துக்கு வெளியே ஜிகோவுக்குச் சிலை. ஜப்பானியர்கள் அவரை 'கால்பந்துக் கடவுள்' என்கிறார்கள்.

★ கடவுளுக்கும் கோபம் வரும். அந்த முதல் சீசனின் சாம்பியன்ஷிப் இறுதியில் வெர்டி கவாசாகிக்குப் பெனால்டி கொடுக்கப்பட்டதும், புள்ளியில் வைத்திருந்த பந்தை நோக்கி எச்சில் துப்பி வெளியேற்றப்பட்டார். ஒழுக்கம் கற்றுக்கொடுக்க வந்தவர் என்று கொண்டாடிய நாட்டில்! ஜப்பான் அதையும் மன்னித்தது.

★ அதற்குச் சில வாரங்கள் முன்பு, பேரரசர் கோப்பையில் ஒரு கோல். பந்து தலைக்குப் பின்னால் தாண்டிப் போகப் பார்க்கிறது. முன்னால் பாய்ந்து, குதிகாலைப் பின்புறமாகத் தூக்கித் தேள் கொட்டுவதுபோல் அடித்தார். வயது 40.

★ மணலிலும் விடவில்லை. 1995-ல் நடந்த முதல் பீச் சாக்கர் உலகப் போட்டியில் பிரேசில் சாம்பியன், 12 கோலுடன் முதலிடத்தில் நின்றவர்களில் ஒருவர் ஜிகோ. உலகப் பட்டம் கடற்கரையில்தான் கிடைக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

★ பயிற்சியாளராக ஜப்பானுக்கு 2004 ஆசியக் கோப்பையை வென்று கொடுத்தார், அதுவும் பெய்ஜிங்கில் சீனாவை வீழ்த்தி. 2006 உலகக் கோப்பையில் அவரது ஜப்பானின் கடைசி ஆட்டம் யாரோடு? பிரேசிலோடு! ஜப்பான் முதலில் கோல் அடித்தது, பிறகு பிரேசில் நான்கு.

★ அப்புறம் துருக்கியில் ஃபெனர்பாஹ்சே (லீக் பட்டம், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி), உஸ்பெகிஸ்தான், மாஸ்கோ, கிரீஸ், ஈராக், கத்தார். பாஸ்போர்ட்டில் பக்கம் மிச்சமிருந்ததோ என்னவோ, 2014-ல் இந்தியாவுக்கும் வந்தார், எஃப்.சி. கோவா பயிற்சியாளராக. 1961 வரை போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவுக்கு, போர்ச்சுகீசியரின் மகனான ஜிகோ!

2015 டிசம்பர் 20, ஃபதோர்தா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. கோப்பை வந்துவிட்டது என்று ஊரே எழுந்து நின்றது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையாலேயே சொந்த வலைக்குள் ஒரு கோல். இரண்டு நிமிடம் கழித்து எதிரணியின் மென்டோசா இன்னொன்று. 3-2. ஜெயித்தது நம்ம சென்னையின் எஃப்.சி.