மேல்மாடியில் மட்டும் ஏன் ஆட்டம்?

2012 ஏப்ரல் 11, மாலை 4.38. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. எண்ணூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பினாங்கில் உயர்ந்த கட்டடங்கள் ஆடின. மக்கள் பதறி இறங்கினர். இப்படிப்பட்ட நேரங்களில் தரையில் நிற்பவர் ஒன்றுமே உணராமல் இருப்பதுண்டு.

நிலநடுக்க அலைகளில் வேகமாக அதிர்பவை வழியிலேயே வலுவிழக்கும். மெதுவாக அசைபவை நெடுந்தூரம் வரும். கட்டடம் ஒருமுறை ஆடிவர மாடிக்கு 0.1 வினாடி என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 20 மாடிக்கு 2 வினாடி. அலையும் அதே தாளத்தில் வந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல் ஆட்டம் பெருகும்.

தண்ணீர்மலையிலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் மாணவரா நீங்கள்? விளக்கு ஆடியதும் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். மேசைக்கடியில் தலையைக் காத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றபின் படிக்கட்டில் இறங்குங்கள். மின்தூக்கி பாதியில் நின்றுவிடலாம். ஆய்வுக்கூடம் என்றால், கைக்கெட்டும் அடுப்பை மட்டும் அணையுங்கள். சிந்திய அமிலத்தைத் துடைக்க நிற்க வேண்டாம். யாருக்காவது அடிபட்டால் 999.

கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போகும் துணிச்சல்தான் எனக்குப் புரிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பினாங்கில். 2012இல் பெரிய அலை எழாததற்குக் காரணம், பாறைகள் பக்கவாட்டில் நழுவியதுதான். கடல்தரை அதிகம் மேலெழவில்லை. ஆட்டத்தை வைத்து எந்த வகை என்று யாராலும் ஊகிக்க முடியாது. அன்று இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்றும் வந்தது. ஆகவே இறங்கியபின் பையை எடுக்க மேலே ஓடாமல், பாதுகாவலர் சொல்லும்வரை திடலிலேயே இருங்கள்.